வண்டி நம்பர் பூட்டு

பெரியவளே, சின்னவனே... இந்த வாரம் உங்கள் இருவருக்கும்தான் எழுதுகிறேன். வாசகர்கள் கூட இருந்து கேட்கட்டும்.

போன ஞாயிறு, குமராட்சியிலிருந்து அம்மாவின் தம்பி, உங்கள் மாமா, வந்திருந்தார். சாப்பிட உட்கார்ந்த நேரம். பெரியவளே, உன் டேப்லெட்டை எடுத்தார். நான்கு எண்களைத் தட்டினார். திறந்துகொண்டது.

எப்படி? வாசலில் நிற்கும் பைக்கின் நம்பர்தானே நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு! மறக்காது என்று நான்தான் வைத்தேன். தெருவே படிக்கிற மாதிரி சாவியை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன்...

சிதம்பரம் ஹாஸ்டலில் சேர்ந்த உன் தோழி, தன் வீட்டுக் கஷ்டத்தை உனக்கு மட்டும் மெசேஜில் சொல்லியிருந்தாள். மாமா அதை எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்துச் சிரித்தார். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய்.

"அவ இனிமே எங்கிட்ட எதுவும் சொல்ல மாட்டாப்பா."

நம்பரை உடனே மாற்று என்றேன். மாமாவுக்குப் பொறுக்கவில்லை.

"பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு அத்தான் பூட்டு? நாங்க என்ன வெளியாளா?"

"சரி மச்சான். ஒன் போனக் குடு. நானும் சத்தமா படிக்கிறேன்."

அவர் கை சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. விவாதம் அத்தோடு முடிந்தது.

நீ புது நம்பர் போட்டபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன். ஆறு எண். பிறந்தநாள் கிடையாது, வண்டி நம்பர் கிடையாது. கீழே வைத்த கொஞ்ச நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும். பூட்டியிருந்தால் மெசேஜும் வெளியே தெரியாது. எல்லாம் செட்டிங்ஸில் நீயே தேடிப் போட்டது. அப்பாவுக்கு மட்டும் சொல்லட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் என்றேன்.

பத்தாவதோடு நின்றவன் நான். ஆனாலும் சொல்வேன் — சொந்தம் என்பதற்காகக் கேட்காமல் திறக்க யாருக்கும் உரிமை இல்லை. மாமாவுக்கு இல்லை. அம்மாவுக்கு இல்லை. எனக்கும் இல்லை. கவலை வந்தால் உன்னை உட்காரவைத்து நேராகக் கேட்பேன். நீ இல்லாதபோது துழாவ மாட்டேன். பெண்ணுக்கு இடம் கொடுக்கிறான் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்களா? பேசட்டுமே!

சின்னவனே, அக்கா குளிக்கப் போனதும் நைசாக கேம் ஆடுவாயே... அதுவும் முடிந்தது.

மறுநாள் நீங்கள் பள்ளிக்குப் போய்விட்டீர்கள். அம்மா கடைக்கு. செம்மங்குப்பத்தில் ஷிஃப்ட் வேலைக்குக் கிளம்பிய நான், மேஜை மேலிருந்த டேப்லெட்டைப் பார்த்தேன். வீட்டைப் பூட்டியதும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன் இல்லையா? அந்தப் பழக்கம். வண்டி நம்பரைத் தட்டினேன்.

தவறான எண் என்றது.

ரொம்ப சந்தோஷம் என்று அதனிடமே சொல்லிவிட்டு, வண்டியை எடுத்தேன்.