கண்ணைத் திறந்தே முகர்பவர்

எதிர்வீட்டு மாமா காலையில் எழுந்ததும் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோகிறார். ஓர் இழுப்பு. "ம், காப்பி." அடுத்து சோப்புக் கட்டி. "ம், சோப்பு." கடைசியாக ஓர் ஆரஞ்சு, தோலை நகத்தால் லேசாகக் கீறி முகர்கிறார். "ம், பழம்." மூன்றும் தேறினால்தான் அவர் முகத்தில் ரத்தம் ஓடும். பல் தேய்ப்பதுகூட அப்புறம்தான். "பேஸ்ட் வாசனை மூக்கை ஏமாத்திடும் தம்பி" என்பார்.

எதிர்வீட்டுக்காரன் என்பதால் இந்தக் கூத்தைத் தினமும் இலவசமாகப் பார்க்கும் பாக்கியம் எனக்கு. கட்டடத்துப் பிள்ளைகள் அவருக்கு 'மோப்பம் மாமா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். தொழில், கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பது. நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்திக் கொடுத்தால், எந்த இடத்தில் அடிபட்டது என்று வண்டிக்காரரே குழம்பும்படி கலர் சேர்த்துவிடுவார். ஸ்ப்ரே கன்னைப் பிடித்தால் கை தண்டவாளத்தில் போவது போலப் போகும்.

அந்தக் கைக்கும் பரீட்சை உண்டு. டீக்கடையில் கிளாஸை விளிம்புவரை நிரப்பச் சொல்வார். சிந்தாமல் உதட்டுக்கு வந்து சேர்ந்தால் சுற்றியிருப்பவர்களை வெற்றிப் பார்வை பார்ப்பார். பட்டறையில் மற்றவர்கள் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை செய்ய, இவர் இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த பெரிய முகமூடியோடு நிற்பார். கேலி செய்தால் பதில் பேச மாட்டார். வேறு எதற்கும் சளைக்காமல் வாய் கொடுப்பவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வார்.

காரணத்தை ஒருநாள் அவராகவே சொன்னார்.

"எங்க அண்ணனுக்கு முதல்ல மூக்குதான் போச்சு தம்பி. அவரும் பெயிண்டர்தான். ஒருநாள் பெயிண்டைக் கரைக்கிற தின்னர் டப்பாவைத் தண்ணின்னு நினைச்சு மூஞ்சி கழுவப் போயிட்டாரு. பட்டறையே விழுந்து விழுந்து சிரிச்சுது, நானும்தான். ஜலதோஷம்னு நினைச்சோம். கை நடுங்க ஆரம்பிச்சது எத்தனையோ வருஷம் கழிச்சு. இப்ப அவர் சட்டைப் பட்டனை நான்தான் போட்டு விடுறேன்."

அண்ணனை அழைத்துப்போகும் நரம்பு டாக்டரிடம் இவர் கேட்காத கேள்வி இல்லை. டாக்டரும் இவர் தொழிலை வைத்தே விளக்கியிருக்கிறார். "இரும்பு காத்து பட்டுத் துருப்பிடிக்குதுல்ல, அந்த மாதிரி ஒரு வேலை உடம்புக்குள்ளயும் நடக்குதாம். மூளை ஓயாம ஆக்ஸிஜனை எரிக்குது, அதனால அங்க சேதம் ஜாஸ்தி. அதைத் தடுக்க உடம்பே, நாங்க பெயிண்டுக்கு அடியில பூசுற பிரைமர் மாதிரி ஒண்ணைத் தயார் பண்ணி வச்சிருக்கு. அந்தக் காவல் அசந்துச்சுன்னா நரம்பு செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகுமாம்." அதைக் கேட்டதும் மூளைப் படம் போட்ட மாத்திரையாக வாங்கி அலமாரியை நிரப்பிவிட்டார். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. துரு மட்டுமே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை, மாத்திரை தின்றால் அண்ணனுக்கு வந்த நோய் வராது என்பதற்கும் ஆதாரமில்லை, காய்கறி பழம் சாப்பிடுங்கள், நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், புகையைச் சுவாசிக்காதீர்கள் என்று அனுப்பிவிட்டார். அன்றுமுதல் நம்மவர் கீரைக் கட்டும் கையுமாகத்தான் வீடு திரும்புகிறார்.

"துரு மேல தெரியறப்ப உள்ள ஏற்கெனவே தின்னு முடிச்சிருக்கும் தம்பி. எத்தனை வண்டி பார்த்திருக்கேன்!" இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும். எனக்கும் சிரிப்பு வராது.

போன வாரம் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்தார். அடுக்களைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மூக்கு சரியாக இருக்கும்வரை பயமில்லை என்று அவர் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். பால் தீய்ந்த நாற்றம் குப்பென்று வந்தது. சொல்லுவார், எழுந்து ஓடுவார் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் எழுவதற்குள் அவர் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்து அடுப்பை அணைத்தார். பாத்திரத்தைத் தொட்டியில் போட்டு ஜன்னலைத் திறந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"என்னடி சத்தம்?" என்றார் இவர். பாத்திரம் விழுந்த சத்தம் மட்டும்தான் அவரை எட்டியிருந்தது.

நான் கிளம்பியபோது வாசல்வரை வந்த அந்த அம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்குத் தெரியும் தம்பி, இது முதல் தடவை இல்ல. டாக்டர்கிட்ட காட்டலாம்னா சண்டைக்கு வர்றாரு. மூணும்தான் தேறிட்டேனேங்கறாரு. டப்பாவைப் பார்த்துக்கிட்டே மோந்தா யாருக்குத்தான் காப்பி வாசனை வராது?" வயதாலும் போகலாம், வருஷக்கணக்காகப் பெயிண்டு நெடி பட்டும் போகலாம் என்று எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன். சொன்ன எனக்கே அது போதவில்லை.

இன்று காலை அந்தக் கூத்து தொடங்குமுன் அவர் மனைவி வந்து எதிரில் நின்றார். கையில் சின்னக் கிண்ணம், மேலே தட்டு மூடியிருந்தது.

"இன்னிக்குக் கண்ணை மூடிக்கிட்டு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா இனி நான் வாயே திறக்கல. இல்லேன்னா என்கூட டாக்டர்கிட்ட வரணும்."

"பார்த்தீங்களா தம்பி, இந்த வயசுல எனக்குப் பரீட்சை!" என்று வாசலில் நின்ற என்னைப் பார்த்துச் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. சிரிப்பு அடங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அந்த அம்மாள் தட்டை எடுத்துவிட்டுக் கிண்ணத்தை அவர் கையில் வைத்தார். பரீட்சைக்குக் கஷ்டமாக எதையும் அந்த அம்மாள் தேடவில்லை. தினமும் முகரும் அதே காப்பித்தூள்தான். வாசலில் இருந்த எனக்கே மணந்தது.

அவர் முகர்ந்தார். கிண்ணத்தை மூக்கோடு ஒட்டிவைத்து, நெஞ்சு நிறைய இழுத்து, மறுபடியும் முகர்ந்தார். அவர் மனைவி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். மூடிய கண்ணைத் திறக்காமலே அவர் மற்றக் கையைத் தூக்கினார். ஆள்காட்டி விரலை மெல்லக் கிண்ணத்துக்குள் இறக்கி, அதில் என்ன இருக்கிறது என்று தடவிப் பார்த்தார்.