தேவசகாயம் கழற்ற மறுத்த துத்தநாகம்

காலையில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது காலடிப்பேட்டையிலிருந்து ஓர் ஆள் வந்து மருந்துக்கூட வாசலில் நின்றான். "பிட்டர் தேவசகாயம் பூட்டாரு. அவர் பொண்ணு உங்களாண்ட சொல்லச் சொல்லிச்சு" என்றான். வரிசையில் பிள்ளைத்தாய்ச்சிகள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினேன்.

இராயபுரத்தில் உங்களில் பலர் அவரை அறிவீர்கள். துறைமுகப் பட்டறையில் பிட்டராக இருந்து படகுகளின் கொதிகலன்களைப் பழுதுபார்த்தவர் என்று சிலருக்குத் தெரியும். நிலக்கரிக் கூடை சுமந்து, இருமியபடியே தெருவில் போனவர் என்று சிலருக்குத் தெரியும். இடையில் நடந்ததை அருகிலிருந்து பார்த்தவன் நான்.

அவர் மனைவி லூர்து மேரி, நான் கம்பவுண்டராக இருக்கும் பிள்ளைப்பேறு மருத்துவமனையில்தான் இறந்தாள். அந்த வாரம் எங்கள் வெந்நீர்த் தொட்டி அடிப்பக்கம் துருவேறி ஓட்டை விழுந்து, காலியாகக் கிடந்தது. பானையில் காய்ச்சிய வெந்நீர் கை கழுவவும் போதவில்லை, துணி அலசவும் போதவில்லை. பெண் குழந்தை பிழைத்தது. தாய்க்குக் கண்ட ஜுரம் இறங்கவே இல்லை. அடக்கம் முடிந்தபின் தேவசகாயம் டாக்டரம்மாவிடம் வந்து நின்றார்.

"வெந்நி இருந்திருந்தா பொழச்சிருப்பாளாம்மா?"

டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார். "பிழைச்சிருக்கலாம். நிச்சயமா சொல்ல எனக்குத் தெரியலை."

புதுத் தொட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் அவர் கருவிப் பையோடு வந்தார். "தொட்டி எங்க கீது, கம்பவுண்டரே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். பட்டறையில் கேட்டு வாங்கிவந்த துத்தநாகக் கட்டி ஒன்றைத் தொட்டிக்குள் இரும்போடு ஒட்டி இறுக்கினார். எதற்கு என்று கேட்டேன்.

"நம்ம தண்ணி உப்பு. இரும்பைத் துன்னுடும். இத்த மாட்டி வச்சா மொதல்ல இத்தத் துன்னும். இது தீர்ற வரிக்கும் தொட்டிக்கு ஒண்ணும் ஆவாது. தீர்ந்துச்சானு பாத்துகினே இருக்கணும்."

பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டி கரைந்து மெலிந்ததும் வேறொன்று கொண்டுவருவார். கூலி வாங்கியதில்லை.

பிறகு யுத்தம் வந்தது. துத்தநாகமெல்லாம் தோட்டா செய்யப் போயிற்று. எங்கள் தொட்டியில் இருந்தது தகடுபோல் தேய்ந்திருந்த சமயம், பட்டறையில் ஒரே ஒரு கட்டி மிச்சமிருந்தது. பட்டறைக்குத் தலைவரான வெள்ளைக்காரத் துரையின் பங்களாக் குளியலறைத் தொட்டியில் மாட்டச் சொல்லி அதை அவரிடம் கொடுத்தார்கள். அவர் அதை எங்கள் தொட்டியில் மாட்டினார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பங்களாத் தொட்டி ஒழுகியபோது விஷயம் வெளிப்பட்டது. பட்டறை மேஸ்திரி அவரை அழைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். நல்ல மனிதர்தான்.

"கயிட்டிக் குட்த்துடு, தேவசகாயம். தொரையாண்ட நான் பேசிக்கிறேன். வேலை நிக்கும்" என்றார். நானும் தேவசகாயத்தைத் தனியே கூப்பிட்டு, "தாயில்லாப் பிள்ளையை வச்சிருக்கீங்க. கழட்டிக் கொடுத்துடுங்க" என்று கெஞ்சினேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னிக்குப் படுக்கைல எத்தினி பேரு கீறாங்க?"

"எல்லாக் கட்டிலும் நிறைஞ்சிருக்கு."

"அப்பால எப்டிக் கயிட்டறது?"

வேலை போயிற்று. கட்டியைக் கழற்ற வேறு ஆளை உள்ளே விட டாக்டரம்மா மறுத்துவிட்டார். தேவசகாயத்துக்கு இங்கேயே ஒரு வேலை கொடுக்கும்படி நிர்வாகத்தை அவர் கேட்டும் பார்த்தார். திருடன் என்று பெயர் எடுத்தவன் வேண்டாம் என்றார்கள். அவர் திருடிய கட்டி மட்டும் தொட்டிக்குள் இருந்தது.

அதன்பின் எந்தப் பட்டறையும் அவரைச் சேர்க்கவில்லை. கப்பலில் கரி இறக்கும் வேலைக்குப் போனார். யுத்தம் முடியும்வரை தொட்டி ஒழுகவில்லை. அவர் நெஞ்சில் கரித்தூள் படிந்து, கடைசியில் பேச்சே இருமலாகிவிட்டது.

அன்று காலடிப்பேட்டை வீட்டில், உடலருகே அவர் மகள் அழாமல் உட்கார்ந்திருந்தாள். நான் அவரைப் பற்றி நல்லதாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் தலை நிமிர்ந்தாள்.

"ஊர்ப் பொம்பளைங்க அல்லாரையும் பாத்தாரு, மாமா. என்னிய யாரு பாத்தா? வெளையாடுற வயசுல தீப்பெட்டி பேக்டரிக்குப் போனேன். பள்ளிக்கூடத்து வாசப்படி ஏறல. அந்தக் கட்டிய கயிட்டிக் குட்த்திருந்தா இன்னா கெட்டுப் போயிருக்கும்?"

கூடியிருந்தவர்கள் அவளை அதட்டினார்கள். நான் அதட்டவில்லை. சென்ற மழைக்காலத்தில் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது, மூச்சு வாங்க வாங்க அவர் சொல்லியிருந்தார்: "பொண்ணு எம்மேல கோவமா கீது. அது கோவம் நாயந்தான். எனக்குப் பரிஞ்சுகினு அதாண்ட எதுவும் சொல்லிடாதீங்க."

செய்ததற்காக அவர் ஒருபோதும் வருந்தியதில்லை. அதைச் சுமந்தவளின் கோபத்தைச் சிறிதாக்கியதும் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான். சவப்பெட்டியை மூடும்போது அவள் வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.