ஒரே ஒரு பட்டன்

இந்த வீடியோ கேமுக்குப் பத்துக்கு ஒன்பதரை கொடுத்திருக்கிறார்கள். யூடியூபில் ஒருவர், "திறந்த உலகம், விரும்பியதைச் செய்யலாம்" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். அவரை எங்கள் ஊர் கற்பிட்டிக்குக் கூட்டிவந்து, என் தம்பி ஃபாஹிமுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் கௌபாய் கேமை விளையாடச் சொல்லவேண்டும் என்று எனக்கு வெறி வருகிறது.

ஃபாஹிமுக்கு இருபத்தைந்து வயது. ஆறு வருஷமாக இரண்டு காதும் கேட்காது. எங்கள் மாமா சாஹுல் ஹமீதின் போட்டில் டைனமைட் போட்டு மீன் பிடிக்கப் போனவன். திரியைக் கொளுத்தி எறிவதும், செத்து அடியில் கிடக்கும் மீனைச் சுழியோடி எடுப்பதும் அவனுடைய வேலை. அன்றைக்கும் எறிந்துவிட்டுக் கடலுக்குள் இறங்கியிருந்தான். பக்கத்தில் இன்னொரு மீன் கூட்டம் தெரிந்ததும், ஆள் தண்ணீருக்குள் இருப்பதை மறந்து மாமா அடுத்ததை எறிந்தார். மீனைக் கண்டால் அவருக்கு மருமகன் தெரியாது. டைனமைட் என்றால் பொலிஸ் பிடிக்கும் என்பதால் ஆஸ்பத்திரியில், "கடலட்டை எடுக்க ஆழத்துக்குப் போனதில காது போச்சு" என்று எங்களைச் சொல்லவைத்தார். நாங்களும் சொன்னோம்.

ஆனால் மாமாவை விட்டுவிட்டு நான் ஏசியது தம்பியைத்தான். "ஏன் எறிஞ்ச? மாட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதா?" ஆறு வருஷமாக, பேப்பரில் எழுதியும் வாயசைத்தும் கேட்டிருக்கிறேன். அவன் பதில் சொன்னதே இல்லை. வெங்காயத் தோட்டத்துக்குப் போவான், வருவான். கடைத்தெருப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். தன் குரல் எவ்வளவு பெரிதென்று அவனுக்குத் தெரியாது. கதைத்தால் கத்துவான், ஆட்கள் சிரிப்பார்கள். நானும் வீட்டில் கையைக் கீழ்நோக்கி அசைத்து, "மெதுவா, மெதுவா" என்று காட்டியே பழகிவிட்டேன்.

கட்டாரில் இருக்கும் என் புருஷன் அனுப்பிய பிளேஸ்டேஷனில் இந்தக் கேம் இருந்தது. ஆங்கில வசனத்தை நிறுத்தி நிறுத்தி நான் தமிழில் எழுதிக் கொடுப்பேன். உண்மையைச் சொல்லவேண்டும், நல்ல இடங்கள் நிறைய. குதிரை ஓடினால் அதன் குளம்படி, பிடித்து விளையாடும் கைப்பிடியில் அதிர்ந்து உள்ளங்கைக்கு வரும். இடி இடித்தால் அதுவும் வரும். ஆறு வருஷத்துக்குப் பிறகு என் தம்பி இடியை உணர்ந்தது அந்தக் கேமில்தான். அன்றைக்கு அவன் சிரித்ததைப் பார்த்து நான் குசினிக்குள் போய் அழுதேன். குதிரையைத் தடவிக் கொடுத்தால் அது நம்பிப் பழகும். ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க இருக்கலாம், ஏனென்று கேட்க ஆளில்லை.

கதை தொடங்கினால்தான் கேடு. கொள்ளைக் கூட்டத் தலைவன் முதுகுக்குப் பின்னால் நின்று "ஓடு" என்று கத்துவான். காது கேட்காதவன் சாகவேண்டியதுதான். பாதையை விட்டு நாலடி தள்ளிப்போனால் "தோல்வி" என்று வரும், பழைய இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தும். இவ்வளவு பெரிய உலகத்தைச் செய்துவிட்டு, ஆளைக் கழுத்தில் பிடித்து இழுத்துப்போவது என்ன நியாயம்?

பிறகு அந்த இடம் வந்தது. கூட்டத்துக்குச் சாப்பாடில்லை. தலைவன் ஒரு டைனமைட்டைக் கதாநாயகன் கையில் கொடுத்து, ஏரியில் எறிந்து மீன் பிடி என்கிறான். திரையில் ஒரு பட்டன் மட்டும் தெரிகிறது: கொளுத்து.

ஃபாஹிம் கொளுத்தவில்லை. திரும்பி நடந்தான், தோல்வி. குதிரையில் ஏறப் பார்த்தான், ஏறவிடவில்லை. தூண்டிலை எடுக்கப் பார்த்தான், அதற்கும் விடவில்லை. பதினொரு நாள் இதே கூத்து. எனக்குப் பொறுமை போய், "கேம்தானேடா, அமத்தித் தொலை!" என்று ஏசினேன். அவன் கைப்பிடியை என் மடியில் வைத்து, மற்றப் பட்டன் எல்லாவற்றையும் அமத்திப் பார்க்கச் சொன்னான். பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

"அண்டைக்கும் இப்படித்தான் ராத்தா," என்றான். "போட்டில வேற பட்டன் இருக்கவே இல்ல."

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பத்தொன்பது வயது, நடுக்கடல், போட் மாமாவுடையது, வாப்பா மௌத்தாகி இல்லாமல் போன எங்கள் வீட்டில் உலை கொதித்ததும் அந்தப் போட்டால்தான். நான் கரையில் இருந்துகொண்டு நியாயம் கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

போன வெள்ளி, அஸர் தொழுதுவிட்டு மாமா வந்தார். கதிரையில் சாய்ந்து, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "போட்டுக்கு ஆள் காணாது இனாஸ். இவனத் திரும்ப அனுப்பு. இனிப் பழுதாப் போறதுக்குக் காதா இருக்கு?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தத் தேத்தண்ணியைப் பிடுங்கி அவர் முகத்தில் ஊற்றலாம் போல இருந்தது. ஃபாஹிம் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினான்.

"மாட்டன் மாமா!"

பக்கத்து வீட்டு ஆட்கள் வேலிக்கு வந்துவிட்டார்கள்.

"மாட்டன்! இனி டைனமைட் எறிய மாட்டன்!"

மாமாவின் முகம் கறுத்தது. வேலியைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். "மெதுவாக் கதைக்கச் சொல்லு புள்ள," என்றார் என்னிடம்.

என் கை மடியில் இருந்தது. அதை நான் தூக்கவே இல்லை.