நான் ஒளித்த சீருடைப் படம்

2009 இலையுதிர் காலம். சுவிஸின் பீல் நகரில் நாங்கள் குடியிருந்த மாடிவீட்டில், பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு நிலவறையைத் துப்புரவாக்க உதவிக்கொண்டிருந்தேன். மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற சுவிஸ்காரர் அவர். அவருடைய தாயார் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. "அப்பாவின் பொருள் ஏதும் கிடைத்தால் எடுத்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட மேலே போனார்.

ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அது இருந்தது. சீருடையும் தோளில் துவக்குமாக ஓர் இளைஞனின் படம். கூடவே இராணுவ நீதிமன்றத்தின் தீர்ப்பு: நான்கு மாதச் சிறை.

என்னைக் கேட்காமலே என் கை, படத்தையும் தீர்ப்பையும் ஜாக்கெட்டுக்குள் செருகியது. யாழ்ப்பாணத்தில் இராணுவம், எங்கள் பேச்சில் ஆமி, வருகிறது என்றால், வீட்டில் முதலில் அழிப்பது இப்படியான படங்களைத்தான். பாவம், மனுசி மாட்டுப்படக் கூடாது என்று நினைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு தேநீரும் குடித்தேன். ஏதும் கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். அவருடைய முகம் வாடிப்போனது.

வீட்டில் மனைவி பொரிந்து தள்ளினார். "உங்களுக்கென்ன விசரே? அது அந்த மனுசியின்ர தகப்பன்ர படமெல்லோ! உடன கொண்டுபோய்க் குடுங்கோ!"

கூனிக் குறுகிக் கதவைத் தட்டினேன். படத்தைக் கண்டதும் அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தகப்பனாரும் மணிக்கூட்டுத் தொழிலாளிதான்; இளம் வயதில் ஸ்பெயினின் உள்நாட்டுப் போருக்குத் தானாகவே போய்ச் சண்டை பிடித்தவராம். பிறநாட்டுப் படையில் சேருவது இங்கே குற்றம், திரும்பியதும் சிறை. அந்த வெட்கத்தில் தாயார் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அந்தத் தீர்ப்புகளை நாடாளுமன்றம் ரத்துச்செய்தது அந்த ஆண்டில்தான். அதனால்தான் தேடியிருக்கிறார்.

ஊர் பேர் தெரியாதவர்களின் சண்டைக்கு ஒரு மணிக்கூட்டுத் தொழிலாளி ஏன் போனார்? ஆவல் தாங்காமல் கேட்டுவிட்டேன். "எனக்கும் அதுதான் தெரியவேண்டும்" என்றார். இருவருமாக அந்த முகத்தை உற்றுப் பார்த்தோம். அளவுக்குப் பெரிய சட்டை, கையை மடித்துவிட்டிருந்தார். சிரிப்பை அடக்குகிற வாய். வேறொன்றும் பிடிபடவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது போனார்களா என்று கேட்டார். தம்பி இயக்கத்துக்குப் போனான், திரும்பவில்லை என்றேன். அவனுடைய படத்தைக் காட்டச் சொன்னார். இருந்த ஒரேயொரு படத்தை, ஆமி வந்த அன்று அடுப்பில் போட்டவன் நான்தான்.

இப்போது அவருடைய தகப்பனாரின் படம் அவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. போகும்போதெல்லாம் அதன்முன் நின்று, ஏன் போனாய் என்று மனத்துக்குள் கேட்பேன். யாரிடம் கேட்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும்.