தம்பி எனக்கு அனுப்பிய குரல்

வக்கீல் மேசைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. "மனைவி யாரும்மா? நீங்க இப்படி உக்காருங்க" என்றார் அவர். தம்பி மனைவி போய் உட்கார்ந்தாள். நான் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். மேற்குத் தாம்பரத்தில் அந்த மாடி அறைக்குப் போனபோதெல்லாம் இதேதான் நடந்தது. சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தவன் என் தம்பி. யாரோ யாரோடோ போட்ட சண்டையில், கடலில் போய்க்கொண்டிருந்த அவன் கப்பல் மீது ஏவுகணை விழுந்து இறந்துபோனான். நஷ்ட ஈட்டு விண்ணப்பத்தில் மனைவிக்கு இடமிருந்தது, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடமிருந்தது. அக்காவுக்கு ஒரு வரிகூட இல்லை.

அம்மா போன பிறகு அவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள் நான். முடிச்சூரில் வெள்ளம் வந்த வருஷம், எதிர்வீட்டு மொட்டை மாடியில் இரண்டு நாள் ஒரே போர்வைக்குள் நடுங்கியவர்கள் நானும் அவனும். அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து மாதம். அதிலும் அவன் கரையில் இருந்தது இரண்டே மாதம். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் நேரே அவளிடம்தான் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள் என்பது தெரிந்தும் எரிந்தது.

ஆபத்தான கடல் பகுதியில் எச்சரிக்கை மணி அடித்தால் எல்லோரும் கப்பலுக்குள் ஓர் அறையில் போய்ப் பதுங்கிவிட வேண்டுமாம். உத்தரவு பெற்றவர்கள் மட்டும் வெளியே இருக்கலாமாம். என் தம்பி உத்தரவை மீறித் தானாகவே மேல்தளத்துக்குப் போனான், அதனால் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று கப்பல் கம்பெனி எழுதியிருந்தது. "யாராவது அனுப்பினாங்கன்னு ஒரு ஆதாரம் வேணும். இல்லன்னா கேஸ் நிக்காது" என்றார் வக்கீல். ஆதாரம் என் கைப்பையில், போனுக்குள் இருந்தது. நான்கு மாதம் வாய் திறக்கவில்லை. அவளிடம் இல்லாததாக என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் கம்பெனியின் கடிதத்தை வக்கீல் மறுபடி படித்துக் காட்டினார். தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அவர் போயிருப்பாரு சார். எதுலயும் அவசரம் அவருக்கு."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "உனக்கு அவனப் பத்தி இன்னா தெரியும்?" என்று எழுந்து போய்ப் போனை மேசையில் வைத்து ஓடவிட்டேன்.

"அக்கா, சாப்ட்டியா? எல்லாரையும் உள்ள போய் உக்காரச் சொல்லிட்டாங்க. மேல பம்ப்பு ஒண்ணு மக்கர் பண்ணுது, நீ போய்ப் பாருன்னு என்னை மட்டும் அனுப்புறாங்க. பாத்துட்டு வந்து பேசறேன். அவகிட்ட சொல்லிகினு இருக்காத, பயந்துக்குவா."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவளோ போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் ஏன் தரவில்லை என்று திட்டுவாள் என நினைத்தேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேக்கா" என்றாள். அந்த நேரத்தில் எனக்கு ஏற்பட்டது சந்தோஷம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

அவன் மீது தப்பில்லை என்று கடைசியில் தீர்ப்பானது. அவளுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. இப்போதும் மாதம் ஒருமுறை பஸ் பிடித்து என் வீட்டுக்கு வருகிறாள். காபி குடித்து முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு தரம் போடுங்கக்கா" என்கிறாள். போடுகிறேன். அவள் போனுக்கு அதை அனுப்பிவைக்க ஒரு நொடி ஆகாது. அனுப்பிவிட்டால் அவள் இங்கே வருவதை நிறுத்திவிடுவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்க்கிறேன். அது பொய். அவன் கடைசியாகக் கூப்பிட்டது என்னை. கேட்டு முடித்ததும் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். நான் போனை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன்.