ஹருகா கேட்ட ஒரே கேள்வி

நாலு நாட்டுப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து 'கலந்து பேசுங்கள்' என்று சொல்வது சுலபம், கலப்பதுதான் நடக்காது. வருடாவருடம் ஜப்பான் மாணவர்களையும் மற்ற நாட்டு மாணவர்களையும் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளோடு சேர்த்து ஜவ்வாது மலையில் பத்து நாள் வகுப்பு நடத்துகிறேன். இதே பாடுபடும் சக வாத்தியார்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

ஏழு மணி

மலைக்கு வேன் காலை ஏழு மணிக்கு ஒடுகத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் என்று அறிவித்திருந்தேன். ஜப்பான் பிள்ளைகள் ஆறு ஐம்பதுக்கே பெட்டியோடு வரிசையில் நின்றார்கள். கென்யாவிலிருந்து வந்த ஜோசப்பும் எங்கள் பிள்ளைகளும் டீ குடித்துவிட்டு ஏழே முக்காலுக்கு வந்தார்கள். நானும் அப்போதுதான் போய்ச் சேர்ந்தேன். டிரைவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏழுன்னா ஏழுன்னே நெனச்சிட்டாங்க சார், பாவம். முன்னாடியே சொல்லி வெக்கக் கூடாதா?"

கட்டம்

மதிப்பெண் படிவத்தில் 'விவாதத்தில் பேசிய தடவை' என்று ஒரு கட்டம் உண்டு. பத்துக்குக் குறைந்தால் தேர்ச்சியில்லை. அந்த விதியைப் போட்டவன் நான்தான். ஹருகா என்ற ஜப்பான் மாணவிக்கு ஐந்தாம் நாள் வரை அதில் பூஜ்யம். தேறாவிட்டால் அவளுடைய பட்டமே ஒரு வருடம் தள்ளிப்போகும். கூப்பிட்டு, ஏனம்மா பேசுவதில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டேன். தலையைத் தாழ்த்தி, அதே ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்.

"மற்றவர்கள் முடித்ததும் பேசலாம் என்று இருக்கிறேன் சார். இன்னும் யாரும் முடிக்கவில்லை."

நாற்பது கேள்வி

எட்டாம் நாள், லட்சுமணன் என்ற மலை விவசாயி வீட்டுக்குப் பேட்டிக்குப் போனோம். எங்கள் மாணவி சரண்யா நாற்பது கேள்விகளை அச்சடித்து வைத்திருந்தாள். இப்பவும் சாமை போடுறீங்களா, சொந்த விதையா, மழை போதுமா என்று ஒன்றின் வாலைப் பிடித்து ஒன்று வந்தது. இருபது நிமிடத்தில் படிவம் முழுக்க டிக். ஜோசப் கைதட்டினான். லட்சுமணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எல்லாத்துக்கும் ஆமான்னுட்டேங்க. மாட்ட அவுத்து உட்டுட்டு வரட்டா?"

ஒரு கேள்வி

மறுநாள் படிவத்தில் இல்லாத சில விவரம் வாங்க அதே வீட்டுக்குப் போனோம். பத்துத் தடவை பேச இனி நாளில்லை; இன்றும் வாயே திறக்காவிட்டால் ஹருகாவுக்குத் தேர்ச்சியில்லை என்று நான் எழுதியாக வேண்டும். நல்லவேளை, சரண்யாவை மொழிபெயர்க்கச் சொல்லி ஒரு கேள்வி கேட்டாள்: "மேல் நிலத்தில் ஏன் புல் மட்டும் இருக்கிறது?"

லட்சுமணன் திரும்பி மேல் நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சரண்யா அடுத்த கேள்விக்கு வாயெடுத்தாள். ஹருகா அவள் கையை மெல்லப் பிடித்துக்கொண்டாள். எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. மூன்று நிமிடமாவது போயிருக்கும்.

"பையன் திருப்பூருக்குப் போனதுலேர்ந்து சாமை போடறதில்லீங்க. பன்னி வந்து அழிச்சிடுது, காவலுக்கு ஆளில்ல" என்று ஆரம்பித்தவர் ஒரு மணி நேரம் பேசினார். வீட்டுக் கதை, விதைக் கதை எல்லாம் வந்தது. நேற்றைய டிக்குகளில் பாதி பொய். சரண்யா தானே அவற்றை அடித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. கிளம்பும்போது லட்சுமணன் என்னிடம் வந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். அந்தப் பொண்ணு ஒண்ணுதான் நான் யோசிச்சி முடிக்கிற வரைக்கும் இருந்துச்சி."

ஹருகாவின் கட்டத்தில் 'ஒன்று' என்று எழுதி, என் விதியை நானே மீறித் தேர்ச்சி போட்டுவிட்டேன். அடுத்த வருடம் முதல் அந்தக் கட்டம் எனக்குத்தான், பத்துக்கு மேல் பேசினால் தேர்ச்சியில்லை.