என் வீட்டுக்காரரின் கையெழுத்து, கேலரிச் சுவரில்

இந்த நேரத்தில் பதிவு போடுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

தோழி கூப்பிட்டாளே என்று இன்று ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் போனேன், ஓர் ஆர்ட் கேலரி பார்க்க.

அங்கே ஒரு சுவர் முழுக்கத் தொழிற்சாலைகளின் ‘நியர் மிஸ்’ சீட்டுகளைப் பெரிதாக்கி ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். விபத்து நடக்கவிருந்து தப்பினால், தொழிலாளி எழுதிப் பெட்டியில் போடும் சீட்டு அது. பெயர்களை மட்டும் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள்.

ஒரு சீட்டின் உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழே என் வீட்டுக்காரரின் கையெழுத்து.

“கை உள்ளே இருக்கும்போதே பிரஸ் மெஷின் இறங்கியது. கையைக் கண்டால் நிறுத்தும் சென்சார் வேலை செய்யவில்லை. ஒரு விரல்கடையில் தப்பினேன்.”

தேதியைப் பார்த்தேன். பாப்பாவின் முதல் பிறந்தநாள். அன்று சாயங்காலம் அந்தக் கையால்தான் அவள் கையைப் பிடித்துக் கேக் வெட்டினார்.

கேலரிப் பெண் பக்கத்தில் வந்து, “ஃபோட்டோ எடுத்துக்கலாம்க்கா, ஃப்ளாஷ் மட்டும் வேணாம்” என்றாள்.

வெளியே வந்து அவரை அழைத்தேன்.

“உன்கிட்ட சொல்லியிருந்தா என்னை வேலைக்கு விட்டிருப்பியா?” என்றார்.

“இப்பவாவது சென்சார் மாத்திட்டாங்களா?”

“அதான் எழுதிப் போட்டிருக்கேன் இல்ல, மாத்துவாங்க.”

பாப்பாவுக்கு இரண்டரை வயது ஆகிவிட்டது. இன்று நைட் ஷிஃப்ட்டிலும் அதே பிரஸ்ஸில்தான் நிற்கிறார். ஊரெல்லாம் டிக்கெட் வாங்கிப் படித்துவிட்டார்கள், மெயின்டனன்ஸ்காரர் மட்டும்தான் இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது.

அவர் வேலைக்கு எதுவும் ஆகாமல், அந்த மெஷினைப் பற்றி யாரிடம் புகார் சொல்வது? தெரிந்தவர்கள் தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.